மாட்டுக்கும் ஒரு நோட்டுப் புத்தகம்

மாட்டுப் பொங்கலன்று நான் ஒரு மாட்டைக் கொல்லப் பார்த்தேன்.

பயந்துவிடாதீர்கள், சகோதரிகளே! வேண்டுமென்று செய்வேனா? ஆசையாகத்தான் செய்தேன். ஓசூரிலிருந்து தேன்கனிக்கோட்டை போகும் வழியில், மெயின் ரோட்டைவிட்டு உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் என் தங்கையை வாழ்க்கைப்படுத்தியிருக்கிறோம். மூன்று வருஷத்துக்கு முன்னால் பொங்கலுக்கு அங்கே போயிருந்தேன். வீடு நிறைய உறவுக்காரர்கள். வெண்பொங்கல், சர்க்கரைப் பொங்கல், புளித்துப்போன இட்லி மாவு என்று சாயங்காலம் ஒரு குண்டான் நிறைய மிஞ்சிவிட்டது. "பாவம், வாயில்லா ஜீவன். அதுக்குத்தானே இன்னிக்குப் பண்டிகை!" என்று சொல்லிக்கொண்டே அத்தனையையும் கொண்டுபோய் லட்சுமியின் தொட்டியில் கொட்டினேன். லட்சுமி என்பது தங்கையின் கறவைப் பசு. கறுப்பும் வெள்ளையுமாகப் பெரிய உடம்பு, சீமை மாட்டுக் கலப்பு. ஆவலாகத்தான் தின்றது. நானும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ப் படுத்துவிட்டேன்.

ராத்திரி பத்து மணிக்குத் தங்கையின் மாமியார்தான் முதலில் கண்டுபிடித்தார். "ஏம்மா, மாடு அசை போடலியே..." அந்த அம்மாள் எழுதப் படிக்கத் தெரியாதவர். ஆனால் மாட்டின் தாடை நிற்பதை இருட்டிலேயே கண்டுகொள்வார். விளக்கைப் போட்டுப் பார்த்தால், இடது பக்க வயிறு உப்பியிருக்கிறது. மாடு பல்லை நறநறவென்று கடிக்கிறது. விடியற்காலையில் கூழ் மாதிரி, புளித்த நாற்றத்தோடு கழிந்துவிட்டுப் படுத்துக்கொண்டது. தூக்கினால் எழுந்திருக்கவில்லை. தங்கை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மௌனத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசுகிறது. அந்தப் பசுவின் பேரில் கடன் வேறு இருந்தது.

டாக்டரம்மா வந்தது

மாப்பிள்ளை மோட்டார் சைக்கிளில் போய்ப் பக்கத்து ஊர்க் கால்நடை மருந்தகத்து டாக்டரை அழைத்து வந்தார். சின்ன வயசுப் பெண். புடைவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு சாணியில் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார். சமையல் சோடாவைத் தண்ணீரில் கரைத்து, புரையேறாமல் பக்குவமாகப் புகட்டினார். கழுத்து நரம்பில் பாட்டில் பாட்டிலாகக் குளுகோஸும் மருந்தும் ஏற்றினார். மத்தியானத்துக்கு மேல்தான் லட்சுமி தலையைத் தூக்கியது.

"யார் சோறு போட்டது?" என்று கேட்டார்.

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

திட்டவில்லை. உட்கார்த்திவைத்துச் சொன்னார். "நம்ம வயித்துக்கு நாம அடுப்புல சமைக்கிறோம். மாட்டு வயித்துக்குள்ள சமைக்கிறது கண்ணுக்குத் தெரியாத கிருமிங்க. அதுங்களுக்குப் புல்லும் வைக்கோலும்தான் பழக்கம். திடீர்னு இத்தனை சோத்தைக் கொட்டினா அது வேகமாப் புளிச்சு அமிலமாயிடும். அந்த அமிலத்துல கிருமிங்க சாகும், மாடும் சாகும். கல்யாண வீட்டு எச்சில், பண்டிகைச் சோறு இதையெல்லாம் தின்னுட்டு எத்தனையோ மாடு போயிருக்கு, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. சொல்லப்போனால், நகரத்தில் இருக்கும் நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? வாசலில் வந்து நிற்கும் மாட்டுக்கு மீந்த சாதத்தைப் போட்டுவிட்டுப் புண்ணியம் என்றல்லவா நினைத்துக்கொள்கிறோம்! வாழைப்பழத் தோல், காய்கறி நறுக்கிய தோல், கீரைத் தண்டு, கழுநீர் தரலாம். குண்டான் குண்டானாகச் சோறும் புளித்த மாவும் கூடவே கூடாது. பிளாஸ்டிக் பையில் கட்டிப் போடும் பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். பையும் சேர்ந்துதான் உள்ளே போகிறது.

அடுத்தபடியாக அந்த டாக்டரம்மா கேட்ட கேள்விகள்தான் இந்தக் கட்டுரையை எழுதவைத்தன.

"இது கன்று போட்டு எத்தனை மாசம்?"

"ஆடி மாசம்..." என்றாள் தங்கை. "இல்லே, ஆனி கடைசி," என்றார் மாமியார்.

"சினை ஊசி எப்ப போட்டீங்க?"

"ரெண்டு தடவை போட்டாச்சு டாக்டரம்மா. தேதி ஞாபகமில்லே."

"பூச்சி மருந்து? கோமாரித் தடுப்பூசி? தினம் எத்தனை கிலோ தீவனம்?"

பதிலே இல்லை. டாக்டர் நிமிர்ந்து பார்த்தார். திண்ணைச் சுவரில், ஆணியில், தங்கையின் ஒரு வயசுக் குழந்தையின் தடுப்பூசி அட்டை பத்திரமாக பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தது. எடை, தேதி, அடுத்த ஊசி எப்போது என்று எல்லாம் அதில் சுத்தமாகக் குறித்திருந்தது.

"குழந்தைக்கு இத்தனை ஒழுங்கா வெச்சிருக்கீங்க. வீட்டுக்குச் சம்பாதிச்சுப் போடற இவளுக்கு ஒரு நோட்டு வேணாமா?" என்றார்.

அன்று சாயங்காலமே தங்கை நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்கினாள். பால் மாட்டின் பராமரிப்பு, நிர்வாகம் என்றெல்லாம் பெரிய வார்த்தைகளில் எழுதுகிறார்களே, எனக்குத் தெரிந்த வரையில் அந்த நாற்பது பக்கம்தான் அது.

ஆலையும் தொழுவமும்

ஓசூர் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வரும்? லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், ரோஜாப்பூ! 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்ததிலிருந்து ஊர் வளர்ந்து வளர்ந்து, 2019-ல் மாநகராட்சியாகவும் ஆகிவிட்டது. பெங்களூருக்கு நாற்பது கிலோமீட்டர்தான். ஆனால் ஆலை வருவதற்கு ஒன்றரை நூற்றாண்டுக்கு முன்பே இங்கே மாடும் குதிரையும் பிரசித்தம். பக்கத்தில் மத்திகிரியில் இருக்கும் கால்நடைப் பண்ணை 1824-ல் வெள்ளைக்காரப் பட்டாளத்துக்குக் குதிரை வளர்ப்பதற்காக ஏற்பட்டது. பிறகு மாட்டுப் பண்ணையாக மாறி, சிவப்பு சிந்தி போன்ற கறவை இனங்களை வைத்துப் பேணியது. இது மேட்டுப் பூமி; சீதோஷ்ணம் குளுமை. சீமைக் கலப்புப் பசுக்கள் சென்னைப் பக்கத்தைவிட இங்கே சுகமாக இருக்கும்.

ஆனால் இடம்? மேய்ச்சல் நிலமெல்லாம் பிளாட் கல் நட்டாகிவிட்டது. மாப்பிள்ளைக்கு சிப்காட்டில் ஷிப்ட் வேலை. ஒரு வாரம் பகல், ஒரு வாரம் ராத்திரி. அவர் வீட்டில் இருக்கும்போது தூங்குகிறார். ஆக, மாடு முழுக்க முழுக்கப் பெண்கள் தலையில்தான். விடியற்காலை நாலரைக்குச் சாணி அள்ளுவதில் ஆரம்பித்து ராத்திரி கடைசியாகத் தண்ணீர் காட்டுவது வரை மாமியாரும் மருமகளும்தான். பணம் மட்டும் சொசைட்டிக் கணக்கில் யார் பேரில் இருக்கிறது என்று கேட்டேன். மாப்பிள்ளை பேரில்! (அது இப்போது தங்கை பேருக்கு மாறிவிட்டது. எப்படி மாறியது என்பது தனிக் கதை. அதை எழுதினால் வீட்டில் சண்டை வரும்.)

இந்தப் பக்கத்தில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் ஒரே திண்ணையில் பேசிக்கொள்வார்கள். பால் விலை பேசும்போதும் மூன்று மொழியும் வரும். அக்கரையில் கர்நாடகத்தில் 2008-லேயே கூட்டுறவுக்குப் பால் ஊற்றுகிறவர்களுக்கு லிட்டருக்கு 2 ரூபாய் அரசாங்கம் ஊக்கத்தொகையாகக் கொடுக்க ஆரம்பித்து, 2016-ல் 5 ரூபாயாக உயர்த்தியது. நம் பக்கத்தில் ஆவினுக்கு ஊற்றுகிறவர்களுக்கு 2023 டிசம்பரில்தான் 3 ரூபாய் வந்தது. எல்லைக் கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் சம்பந்தி வீடுகள். அவர்கள் கைக்கு வருவதை இவர்கள் கேட்காமல் இருப்பார்களா? "அங்கே கட்டிக் குடுத்திருந்தா மாட்டுக்கும் நல்லதா இருந்திருக்கும்," என்று தங்கை கேலி செய்வாள். விலை கட்டவில்லை என்பது நியாயமான குறைதான். ஆனால் நோட்டு எழுத ஆரம்பித்த பிறகு, விலையைவிடப் பெரிய ஓட்டை ஒன்று வீட்டுக்குள்ளேயே இருப்பது தெரிந்தது.

பொய் சொல்லாத கணக்கு

தினம் மூன்றே விஷயம் எழுதச் சொன்னார் டாக்டர். காலைப் பால், மாலைப் பால், போட்ட தீவனம். அது போக, விசேஷமாக ஏதாவது நடந்தால் தேதியோடு ஒரு வரி.

ஒரு மாசம் கழித்துப் பார்த்தால் வேடிக்கை! தொழுவத்தில் இரண்டு மாடு. லட்சுமி தினம் பத்து லிட்டர் கறக்கிறது. செவலைக்குப் பால் வற்றியே வெகு நாளாகிறது. ஆனால் இரண்டுக்கும் ஆளுக்கு நாலு கிலோ கலப்புத் தீவனம்! "ஒண்ணுக்குப் போட்டு ஒண்ணுக்குப் போடாம இருந்தா பாவமில்லையா?" என்று மாமியார் கேட்டார். நியாயம்தானே என்று எனக்கும் தோன்றியது. டாக்டரம்மா சிரித்தார். "உங்க வீட்டுல பால் குடுக்கற தாய்க்கும் பள்ளிக்கூடம் போற பிள்ளைக்கும் ஒரே அளவா பரிமாறுவீங்க?"

கணக்கு சுலபம். உடம்பைக் காப்பாற்ற ஒன்று, ஒன்றரை கிலோ. அதற்கு மேல் கறக்கும் ஒவ்வொரு இரண்டரை, மூன்று லிட்டர் பாலுக்கும் ஒரு கிலோ. பசும்புல் தாராளமாக இருந்தால் இதில் கொஞ்சம் குறைக்கலாம். பத்து லிட்டர் கறப்பதற்கு ஐந்து கிலோ வேண்டும். வற்றிய மாட்டுக்கு ஒன்றரை போதும். ஆனால் செவலை மறுபடி சினையாகி ஏழு மாசம் ஆனதும், வயிற்றுக் கன்றுக்காகச் சேர்த்துக் கொடுக்கவேண்டும். கர்ப்பிணிக்குக் கடைசி மாசங்களில் நாம் கொடுப்பதில்லையா, அதேதான். இதோடு தினம் 30 முதல் 50 கிராம் தாது உப்புக் கலவை, ஒரு கைப்பிடி சாதா உப்பு. தண்ணீர்தான் எல்லாவற்றையும்விட மலிவான தீவனம். அதைத்தான் எல்லோரும் கஞ்சத்தனமாகக் கொடுக்கிறோம். ஒரு லிட்டர் பால் கறக்க மாட்டுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர் தேவை. ஒரு நாளைக்கு இரண்டு முறை காட்டினால் எப்படிப் போதும்? இப்போது தொட்டியில் எந்நேரமும் போர்த் தண்ணீர் நிற்கிறது. மற்றபடி தென்பெண்ணையில் கெலவரப்பள்ளி அணைப் பக்கம் நுரை பொங்கி வருவதை நீங்களும் செய்தியில் பார்த்திருப்பீர்கள். அந்தத் தண்ணீரைக் காட்ட எந்தத் தாய்க்கு மனசு வரும்?

கேழ்வரகுத் தாள் இந்த ஜில்லாவின் வரப்பிரசாதம். நெல் வைக்கோலைவிடச் சத்துள்ளது, மாடும் விரும்பித் தின்னும். அதோடு வீட்டுக்குப் பின்னால் பத்து சென்ட் இடத்தில் கோயம்புத்தூர் வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ-4 கம்பு நேப்பியர் புல் நட்டார்கள். முதல் அறுப்புக்கு இரண்டரை மாசம், பிறகு நாற்பத்தைந்து நாளுக்கு ஒருமுறை அறுக்கலாம். தொழுவம் கழுவுகிற தண்ணீரே அதற்குப் பாய்கிறது. நன்றாகப் பராமரித்தால் பத்து சென்ட் ஒரு மாட்டுக்குத் தாராளம். வரப்போரம் அகத்தியும் வேலிமசாலும் வைத்திருக்கிறாள் என் தங்கை. அகத்தியில் பாதி எங்கள் வீட்டுச் சமையலுக்கு வந்துவிடுகிறது என்பது வேறு விஷயம்!

சரி, அந்தப் பெரிய ஓட்டைக்கு வருகிறேன்.

செவலை கன்று போட்ட தேதியை எப்படியோ கண்டுபிடித்தார்கள். அந்த வாரம்தான் பக்கத்து வீட்டில் ஒரு வளைகாப்பு நடந்ததாம். அதிலிருந்து எண்ணினால் பதினாலு மாசம். இன்னும் சினை நிற்கவில்லை! கன்று போட்டு மூன்று மாசத்துக்குள் சினை பிடித்திருந்தால் வருஷத்துக்கு ஒரு கன்று, வருஷத்துக்கு ஒரு கறவை. சினைக் காலம் நம்மைப் போலத்தான், ஒன்பது மாசமும் பத்து நாளும். இங்கே பதினோரு மாசம் வீணாய்ப் போயிருக்கிறது. அதில் பால் வற்றிய காலத்தை மட்டும் எடுத்துக்கொண்டால் ஐந்து மாசம். தினம் 120 ரூபாய்த் தீவனம் என்றால் 150 நாளைக்கு 18,000 ரூபாய். தங்கை கூட்டிப் பார்த்துவிட்டு, பென்சிலைக் கீழே வைத்துவிட்டாள்.

"எந்தக் கடைக்காரனும் நம்மளை ஏமாத்தலக்கா. நாமளே ஏமாந்திருக்கோம்."

என்ன நடந்தது என்றால், சீமைக் கலப்பு மாடுகள் பருவத்துக்கு வருவது பல சமயம் வெளியே தெரியாது. கத்தாது, கலாட்டா செய்யாது. பெரும்பாலும் ராத்திரியில் வந்து, விடிந்து நாம் பார்ப்பதற்குள் போய்விடும். ஒரு தடவை தவறவிட்டால் மறுபடி இருபத்தோரு நாள் காத்திருக்கவேண்டும். கண்ணாடி மாதிரி கோழை தொங்குகிறதா, பால் திடீரென்று குறைகிறதா, பக்கத்து மாட்டின் மேல் தாவுகிறதா என்று விடியற்காலையும் படுக்கப் போகுமுன்பும் கால் மணி நேரம் கவனித்தால் போதும். காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை ஊசி. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை. ஊசி போட்ட இரண்டு மூன்று மாசத்தில் டாக்டரைக் கொண்டு சினையா என்று பார்த்துவிடவேண்டும்.

கவனிப்பதற்கு யார் இருக்கிறார்கள்? மாமியார்! தூக்கம் வராமல் நாலு மணிக்கே எழுந்துவிடும் மனுஷி. அதுவரையில் இந்த மாமியாருக்கும் மருமகளுக்கும் அவ்வளவாக ஒத்துப்போகாது. இப்போது மாமியார் பார்த்துச் சொல்வார், மருமகள் எழுதுவாள். "செவலை ராத்திரி மூணு தடவை எந்திரிச்சுது, எழுதிக்கோ." "எழுதிட்டேன் அத்தை." பதினெட்டாவது நாளிலிருந்தே இரண்டு பேரும் சேர்ந்து காவல் காப்பார்கள். மூன்றாம் முறை செவலைக்குச் சினை நின்றது.

கொழுப்பு எங்கே போயிற்று?

பால் ஊற்றும் இடத்தில் லிட்டர் மட்டும் பார்ப்பதில்லை. கொழுப்பும், கொழுப்பில்லாத மற்றச் சத்தும் எவ்வளவு என்று சோதித்துத்தான் விலை போடுகிறார்கள். லட்சுமியின் பாலில் கொழுப்புக் குறைவாகவே வரும். "மெஷினே சரியில்ல" என்பது மாமியாரின் நெடுநாள் வழக்கு. விசாரித்ததில் இரண்டு காரணம் அகப்பட்டது. ஒன்று, பாலை அதிகமாக்கும் ஆசையில் தவிடும் புண்ணாக்கும் மிகுந்து, தாள் குறைந்துவிட்டது; நார் குறைந்தால் பாலில் கொழுப்புக் குறையும். இன்னொன்று நம் தாய்மை! கறந்து முடிக்குமுன் கொஞ்சம் நிறுத்தி, கடைசிப் பாலைக் கன்றுக்கு விட்டுவிடுவார் மாமியார். அந்தக் கடைசிப் பாலில்தான் கொழுப்பு அதிகம். "கன்றுக்கு முதல்லயே வேணும்கிற பாலைக் குடிக்க விடுங்க. கடைசிச் சொட்டு வரைக்கும் கறந்துடுங்க. மடியில பால் தங்கினா நோயும் வரும்," என்றார் டாக்டர். கன்றுக்குக் குறைவில்லை, பாலுக்கும் விலை கூடிற்று.

மடிநோய் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அடுத்த மழைக்காலத்தில் லட்சுமிக்கு அது வந்தது. கறக்கும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது, கட்டைவிரலை மடக்காமல் முழுக்கையால் கறப்பது, கறந்தவுடன் மாட்டைப் படுக்கவிடாமல் அரைமணி நேரம் புல் போட்டு நிற்கவைப்பது (காம்பின் துவாரம் மூட நேரமாகும், அதற்குள் படுத்தால் சாணியிலிருந்து கிருமி ஏறும்) இவையெல்லாம் கடைப்பிடித்தும் வந்துவிட்டது. முதல் பீச்சுப் பாலைக் கறுப்புத் துணியில் விட்டுப் பார்க்கும் வழக்கம் இருந்ததால் துளித்துளியாகத் திரி தெரிந்த அன்றே பிடித்துவிட்டாள்.

நம் பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி பரப்பிய கைமருந்து ஒன்று இருக்கிறது. தேசியப் பால்வள வாரியமும் அதை நாடெங்கும் சொல்லிக்கொடுக்கிறது. எல்லாம் நம் வீட்டில் இருப்பதுதான். சோற்றுக் கற்றாழை 250 கிராம், மஞ்சள்தூள் 50 கிராம், வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பு 15 கிராம், மூன்றையும் அரைத்து, ஒரு கை எடுத்துத் தண்ணீரில் கரைத்து, கழுவிய மடி முழுக்கப் பூசவேண்டும். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை, ஐந்து நாள். ஆரம்ப நிலையில் பலன் தெரியும். ஆனால் மாட்டுக்குக் காய்ச்சல் இருந்தாலோ, பாலில் ரத்தம் வந்தாலோ, மடி கல்லாகிவிட்டாலோ கைமருந்தை நம்பி நாள் கடத்தக்கூடாது. 1962 என்ற எண்ணுக்குப் போன் செய்தால் நடமாடும் கால்நடை மருத்துவ வண்டி கிடைக்கும் வசதி இப்போது இருக்கிறது.

லட்சுமிக்கு ஊசியே போடவேண்டியதாயிற்று. "இத்தனை நாளைக்குப் பாலை ஊத்தாதீங்க, குடிக்கவும் வேணாம்," என்று டாக்டர் சொல்லிவிட்டார். தினம் பத்து லிட்டர்! தொழுவத்து ஓரத்துக் குழியில் கொட்டும்போது மாமியார் அழுதேவிட்டார். "பாலைக் கீழே கொட்டினா குடும்பம் விளங்குமா?" மற்றப் பாலோடு கலந்து ஊற்றிவிடலாம், யாருக்குத் தெரியப்போகிறது என்று பக்கத்து வீட்டில் யோசனையும் சொன்னார்கள். தங்கை அசையவில்லை. "அத்தை, இந்தப் பாலு எந்த வீட்டுக் குழந்தைக்குப் போகுதோ? நம்ம குழந்தைக்குக் குடுப்போமா?" என்றாள். மருந்து கலந்த பாலைக் காய்ச்சினாலும் அந்த மருந்து போய்விடாது. உறை ஊற்றினால் தயிர் சரியாகத் தோயாமல் போவதும் உண்டு. நஷ்டம் நஷ்டம்தான், யாரும் ஈடு கட்டவில்லை. நோட்டில் அந்த வாரத்துக்கு எதிரில் வெறும் கோடாகப் போட்டிருக்கிறாள்.

அதே மாதிரி பூசணம் பிடித்த கடலைப் புண்ணாக்கு. மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கிப் போட்டால் அந்த விஷம் பால் வழியாக நம் டம்ளருக்கே வந்து சேரும். ஒரு கடையில் அடிமூட்டைப் புண்ணாக்கை இவள் தலையில் கட்டிவிட்டார்கள். உடைத்து முகர்ந்து பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தாள். "மாட்டுக்குத்தானேம்மா!" என்றாராம் கடைக்காரர்.

சீம்பால் யாருக்கு?

தமிழில் சீம்பால், கன்னடத்தில் கின்னு, தெலுங்கில் ஜுன்னு. எல்லையூர்க்காரர்களுக்கு மூன்று பெயரும் தெரியும், ருசியும் தெரியும். செவலை கன்று போட்டதும் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்துத் தரச்சொல்லிக் கேட்டு மூன்று வீட்டிலிருந்து பாத்திரம் வந்துவிட்டது. டாக்டரம்மா சொன்னது தங்கைக்கு மறக்கவில்லை. மனிதக் குழந்தை நோய் எதிர்ப்புச் சக்தியில் கொஞ்சத்தைத் தாயின் வயிற்றிலேயே வாங்கிக்கொண்டு பிறக்கிறது. கன்றுக்கு அந்தப் பாக்கியம் இல்லை. சீம்பால்தான் அதற்கு முதல் தடுப்பூசி. பிறந்த அரைமணி, ஒரு மணி நேரத்துக்குள் கொடுக்கவேண்டும். நேரம் ஆக ஆகக் குடல் அதை உள்வாங்காது. முதல் நாளில் கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கு. முப்பது கிலோக் கன்றுக்கு மூன்று லிட்டர், இரண்டு மூன்று வேளையாக. கன்று குடித்து மிஞ்சியதைத்தான் தங்கை பாத்திரத்தில் ஊற்றினாள். ஒரு வீட்டில் கோபம்தான். பிறந்த கன்று கிடேரி என்றதும் அந்தக் கோபமும் தணிந்தது!

இளம் தாய்மார்களுக்கு இந்த இடத்தில் ஒரு வார்த்தை. உங்கள் குழந்தைக்கும் முதல் பால் அதேபோலத்தான். மஞ்சளாய் இருக்கிறதென்று பீச்சிக் கொட்டிவிடாதீர்கள். ஆறு மாசம் வரை தாய்ப்பால் மட்டுமே. பசும்பாலைக் குடிக்கப் பழக்குவது ஒரு வயசுக்கு மேல் போதும். எந்த வயசானாலும் பச்சைப் பாலாக வேண்டாம். "கறந்த சூட்டோட குடிச்சா பலம்" என்று பெரியவர்கள் சொல்வார்கள். மாடுகளுக்கு வரும் கருச்சிதைவு நோய் பச்சைப் பால் மூலம் மனிதருக்கும் தொற்றும். மாசக்கணக்கில் விட்டுவிட்டுக் காய்ச்சல் வரும். பொங்கக் காய்ச்சிவிட்டால் அந்தப் பயம் இல்லை. கிடேரிக் கன்றுக்கு நாலிலிருந்து எட்டு மாசத்துக்குள் அதற்கு ஒரே ஒரு தடுப்பூசி உண்டு. 2019-ல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் கோமாரி ஊசியும் இதுவும் இலவசம். கோமாரி ஊசிக்கு வருகிறவர்கள் மாட்டின் காதில் பன்னிரண்டு இலக்க எண்ணோடு மஞ்சள் வில்லை மாட்டுவார்கள். "தோடு போட்டிருக்காங்க," என்பார் மாமியார். அந்த எண்ணும் நோட்டின் முதல் பக்கத்தில் இருக்கிறது.

இன்னும் கற்றுக்கொள்ள ஆசைப்படுகிறவர்களுக்குக் கிருஷ்ணகிரிப் பக்கம் எலுமிச்சங்கிரியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் பல மாவட்டங்களில் பயிற்சி மையங்கள் நடத்துகிறது. மற்ற ஊர்க்காரர்கள் பக்கத்துக் கால்நடை மருந்தகத்தில் விசாரித்தாலே வழி காட்டுவார்கள். போகும்போது வெறுங்கையோடு போகாமல் நோட்டோடு போங்கள். டாக்டர் பேசும் பேச்சே வேறாக இருக்கும்!

கடன் அடைந்துவிட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். முக்கால்வாசி. லட்சுமியின் ஒரு காம்பு மடிநோயில் போய்விட்டது, மூன்று காம்பில்தான் கறக்கிறது. தீவன விலை ஏறிக்கொண்டே இருக்கிறது. மாப்பிள்ளை இடையில் ஒருமுறை "ரெண்டையும் வித்துட்டு நிம்மதியா இருக்கலாமே" என்றாராம். தங்கை பதில் பேசாமல் நோட்டைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தாளாம். நாற்பது பக்கம் தீர்ந்து, இப்போது நடப்பது மூன்றாவது நோட்டு.

இந்த வருஷப் பொங்கலுக்கும் போயிருந்தேன். மாட்டுக்குப் பொட்டிட்டு, மாலை போட்டு, கற்பூரம் காட்டியாயிற்று. நான் வாழை இலையில் சர்க்கரைப் பொங்கலை எடுத்துக்கொண்டு தொழுவத்துப் பக்கம் திரும்பினேனோ இல்லையோ, மாமியாரும் மருமகளும் ஒரே சமயத்தில் என் கையைப் பார்த்தார்கள். தங்கை வந்து இலையை வாங்கி, ஒரு எலுமிச்சம்பழ அளவு உருட்டி லட்சுமியின் வாயில் வைத்தாள்.

"அவ்வளவுதான்க்கா. மிச்சத்தை நீ சாப்பிடு!"